லட்சத்து ஒன்று

"நாலு பேர் முன்னாடி மருமக மூக்கறுத்தா, மாமனார் மூலையில முடங்கிட்டார். வேற என்ன?" என்றாள் எதிர்வீட்டு ஜலஜா.

"ஸ்ரீலேகாவை ஒண்ணும் சொல்லாதே. தப்பு எங்காத்துக்காரர் மேல," என்றாள் வேதவல்லி.

"நக்கோ, வேண்டாம் மாமி, மூடி மறைக்காதீங்க. தப்பு அவர் மேலன்னா, அவ எதுக்கு மன்னிப்புக் கேட்டா?"

அந்தக் கேள்விதான் வேதவல்லியின் வீட்டையே தின்றுகொண்டிருந்தது.

அவள் கணவர் வைத்தியநாதன் மாரெட்பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். லாலாகுடா ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றால் போதும், முன்னால் நிற்கும் லாரியின் நம்பரைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிடுவார்: இது மூன்றால் மீதியில்லாமல் போகும், இது பதினொன்றால் போகும். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டு, இரண்டு தொகையும் சமமென்றால் பதினொன்றால் போகும். இந்த வழியை அவரிடம் படித்த மக்குப் பிள்ளைகூட மறந்ததில்லை.

கோவிலில் லட்சார்ச்சனை வைத்தார்கள். மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைப்பதுபோல, லட்சம் நாமத்தோடு ஒன்று சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான். தொடக்க நாளில் மைக்கைப் பிடித்தார்.

"நூத்தியொண்ணு எதாலயாவது வகுபடுமோ? லட்சத்து ஒண்ணும் அப்படித்தான். நம்ம ஒத்துமையும் அப்படி இருக்கணும்!"

கைதட்டல். முன்வரிசையிலிருந்து எழுந்த ஸ்ரீலேகா மெதுவாகத்தான் சொன்னாள்: "பதினொண்ணால போகுமேப்பா."

"உன் ஆபீஸ் கணக்கை இங்கே கொண்டு வராதே. உக்காரு!"

சபை சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று, நடுவில் வெறும் பூஜ்யம். ஒரு ஒன்று ஒரு தொகையில் விழுகிறது, மற்றது அடுத்ததில். சமம். பதினொன்றை ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்றால் பெருக்கினால் லட்சத்து ஒன்று. லாரியின் முதுகில் பார்த்திருந்தால் கேட் திறப்பதற்குள் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் பாலா, "அப்பாவை நமஸ்காரம் பண்ணி ஸாரி சொல்லு" என்று மனைவியை அழைத்து வந்தான். அவள் விழுந்து எழுந்தாள். உண்மை சொல்ல வேண்டிய வாயால் வைத்தியநாதன், "தீர்க்காயுசா இரு" என்றார்.

அதோடு அவர் கோவில் பக்கம் போகவில்லை. தெரு அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. அவள் வழக்கம்போலக் காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை எடுக்கையில் அவர் தலை நிமிரவில்லை.

ஜலஜாவிடமிருந்து திரும்பிய வேதவல்லி அவர் எதிரே நின்றாள். "இன்னிக்கு அர்ச்சனை முடியறது. எல்லாரும் வருவா. இதுக்கு மேல உங்களுக்காக என்னால பேச முடியாது."

அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார்.

"நீ சொன்னது சரிம்மா."

"தெரியும்ப்பா," என்றாள் ஸ்ரீலேகா.

"வர்றியா? உன்னை வச்சிண்டே மைக்கில சொல்லிடறேன்."

"நான் வரலை. அங்கே நீங்கதானே பேசினேள்."

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார், கழற்றினார், மறுபடி போட்டார். எதிர்வாசலில் ஜலஜா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், தரையைப் பார்த்தபடியே வைத்தியநாதன் கதவைத் தாண்டினார்.