அபின் காய்ந்தது

எங்கள் வீட்டில் அபின் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நல்லமாதிரிப் பார்க்கமாட்டார்கள். அதனால் நான் வெளியில் சொல்வதில்லை. ஆனால் அது அரசாங்கம் தந்த அபின். அப்பா கொழும்பு கொட்டாஞ்சேனையில் சித்த வைத்தியர்.

வெள்ளைக்காரர் காலத்தில் அபின் விற்கக் கடையே இருந்ததாம். பிறகு அவர்களே கடைகளை மூடி, பதிந்த வைத்தியர்களுக்கு மட்டும், மருந்தில் கலப்பதற்கு மட்டும், நிறுத்துக் கொடுப்பது என்று சட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரர் கப்பலேறிப் போனார்கள், சட்டம் ஏறவில்லை. அப்பா எவ்வளவு கலந்தார், மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஒரு இன்ஸ்பெக்டர் தராசோடு வருவார். கணக்குக் குறைந்தால் லைசன்ஸ் போய்விடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அபின் கறுப்பாக, பிசின் போல இருக்கும். வாழைச்சருகில் சுற்றி மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டிக்கு மேல் ஈரத்துணி போட்டிருப்போம். காய்ந்தால் நிறை குறைந்துவிடும். யாரோ எடுத்ததும் வெயிலில் காய்ந்ததும் தராசுக்கு ஒன்றுதான். துணியை நனைப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேள்வி கேட்டால் வாய் திறக்காத பிள்ளை நான். இந்த ஒரு வேலையில்தான் எனக்குப் பெருமை.

அந்த வருடம் அப்பாவின் அக்கா, எனக்கு மாமி, எங்களோடு வந்திருந்தார். வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலை முழுவதும் முனகுவார். மத்தியானம் அப்பா விரல் நுனியில் ஒரு கறுப்பு உருண்டை கொண்டுபோய்க் கொடுப்பார். அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. அதன்பிறகு அந்த அறையே வேறாகிவிடும். யன்னல் சீலை மெதுவாக ஊதி அடங்கும். துறைமுகத்தில் கப்பல் கூவும். நான் மாமியின் பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

"கப்பல் உள்ளுக்கு வருது. காலை மடக்கு பிள்ளை" என்பார், கண்ணை மூடியபடியே.

நான் மடக்குவேன். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவால் கப்பல் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது.

"அதுக்குள்ளை ஆர் இருக்கினம் மாமி?"

"எல்லாரும்தான். கையைக் காட்டு."

இருவரும் கை காட்டுவோம்.

அப்படியொரு மத்தியானம் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தார். சிங்களவர், தமிழ் கதைப்பார். முன்விறாந்தை மேசையில் தராசை வைத்து நிறுத்தார். படிக்கல்லை மாற்றி இன்னொரு தரம் நிறுத்தார்.

"வெத மாத்தயா, இது குறையுதே" என்றார். வைத்தியர் ஐயா என்று அர்த்தம்.

"இந்த வெயிலுக்குக் காஞ்சு போச்சு மாத்தயா" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வேலையில் குறை சொல்வதா? பிறந்ததிலிருந்து முதல்தடவையாக ஒரு அந்நியர் முன்னால் வாய் திறந்தேன்.

"காயேல்லை! நான் ஒவ்வொரு நாளும் துணி நனைக்கிறனான்."

குசினி வாசலில் அம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் துணியைத் தொட்டார். விரல் நனைந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியின் குரல் மிதந்து வந்தது.

"தம்பி, ஆர் வந்திருக்கினம்? கப்பலாலை இறங்கினவையே? தேத்தண்ணி குடு."

இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அறை வாசலில் நின்றார். மாமி அவருக்கும் கை காட்டினார். அந்தக் கையில் எலும்பும் ஒரு வளையலும்தான் மிச்சம். அவர் நெடுநேரம் நின்றார் என்றுதான் எனக்கு நினைவு. கொஞ்ச நேரமாகவும் இருக்கலாம். திரும்பிவந்து என்னிடம் குனிந்து, மகளே என்று சிங்களத்தில் கூப்பிட்டார்.

"துவ, நீ ஒழுங்கா நனைக்க இல்ல. நடுவில மறந்துபோனது, என்ன?"

"இல்லை!"

"மறந்தவள்தான்" என்றார் அப்பா அவசரமாக.

"விளையாட்டுப் புத்தி மாத்தயா. துணி காஞ்சு ஓடு மாதிரிக் கிடந்தது. இண்டைக்கு நான் ஏசினாப் பிறகுதான் நனைச்சவள்" என்றார் அம்மா.

"சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் 'காய்ந்தது' என்று எழுதிக்கொண்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் இரவுவரை அழுதேன். அப்பா ஐஸ்கிறீம் வாங்கிவந்தார், தொடவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்தபடி உச்சியில் முத்தம் கொடுத்தார், தலையை இழுத்துக்கொண்டேன். செய்யாத குற்றத்தை இவ்வளவு அன்பாக மன்னித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

சட்டம் அப்பாவிடமிருந்து லைசன்ஸைப் பறிக்கலாம், மாமியிடமிருந்து மருந்தைப் பறிக்கலாம், விஷயம் தெரிந்தால் இன்ஸ்பெக்டரின் வேலையையும் பறிக்கலாம். அந்த வீட்டில் அது ஒன்றும் செய்யமுடியாத ஆள் நான் ஒருத்திதான். பெரியவர்கள் மூவரும் தங்களுக்குள் ஒரு சொல்கூடப் பேசாமல் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், நான் ஒருநாளும் மறக்கவில்லை என்பது மட்டும்தான்.