செல்லாயியின் கை

இறாலை உரித்து, குடல் நீக்கி, அலசி வடிய வைத்தாயிற்று. பூண்டும் உரித்தாயிற்று. மிளகாய்த்தூள் வறுபட்டு, தெருவே தும்முகிறது. எல்லாம் செல்லாயி செய்த வேலை. ஆனால் உப்புப் போடும் நேரம் வந்ததும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிடுவாள். “அமிர்தக்கா! வந்து உப்பு போடு. நா போட்டா பூஞ்ச புடிச்சிப்பூடும்.”

கடலூர் முதுநகரில் எங்கள் எதிர்வீட்டுப் பின்கட்டில்தான் இந்தக் கூத்து. சுனாமிக்குப் பிறகு தொடங்கிய மகளிர் குழு, இறால் ஊறுகாய் போடுகிறது. வீட்டுக்காரி அமிர்தம்தான் தலைவி. பாடம் நடத்தி முடித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த வாசனை வீட்டில் இருக்க விடாது.

செல்லாயிக்கு நாற்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் வேலையில் புயல். பொங்கும் எண்ணெயை “அடங்குடி, அடங்கு!” என்று அதட்டுவாள். கல்யாணமாகி வந்த வருஷம் மாமனாரின் வலை கடலோடு போனது. மறு வருஷம் பெற்ற பிள்ளை தங்கவில்லை. “வெளங்காத கை” என்று மாமியார் சொல்லிவிட்டார். அந்த மகராசி போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சொன்ன சொல்லை மட்டும் இவள் விடவில்லை. தெருவில் யாராவது கைக்குழந்தையோடு வந்தால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

“வல போனதுக்கு நீ என்ன பண்ணுவ செல்லாயி?”

“அதென்னமோ டீச்சர், எங்கையி அப்படி.”

அமிர்தம் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவள். இவளையும் இழுத்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தவள், பாட்டில் கரைந்து, ஜெபத்தில் அழுது, கடைசியில் ஞானஸ்நானமும் எடுத்தாள். பெயரை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு, “செல்லாயின்னே இருக்கட்டும். இத்தினி நாளு பாத்த ஆண்டவருக்கு அடையாளம் தெரியாமப் பூடப்போவுது” என்றாள்.

அவளுடைய முதல் திருவிருந்தை அமிர்தம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், கூடவே கண்ணையும் துடைத்துக்கொள்வாள். பாஸ்டர் அப்பம் கொடுத்துக்கொண்டே வருகிறார். எல்லோரும் கை நீட்ட, இவள் மட்டும் முந்தானையை விரித்து ஏந்துகிறாள்.

“கைய நீட்டும்மா.”

“இந்தக் கை வாணாங்கய்யா. பட்டா கெட்டுப்பூடும்.”

பாஸ்டர் நகரவில்லை. “கர்த்தரோட அப்பத்தக் கெடுக்கிற கைய அவரு இன்னும் படைக்கலம்மா. நீட்டு.”

நீட்டினாள். அன்று மத்தியானம் என்னிடம் ஓடி வந்தாள். “ஆண்டவரு தன் உள்ளங்கையில என்னிய வரைஞ்சி வெச்சிருக்காராம் டீச்சர்! பாஸ்டரு வேதத்துலேர்ந்து படிச்சிக் காட்னாரு. அவுரு கையில நா இருக்கசொல்ல எங்கையி எப்படி வெளங்காமப் போவும்? நன்றி ஏசப்பா, நன்றி ஏசப்பா!” அழுகையும் சிரிப்புமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு பயம் பறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மறுநாள் உப்புப் போட்டாள், நிஜம். போட்டுவிட்டு ஜாடியைத் திறந்து திறந்து மோந்து பார்த்தாள். “அடியே, நீ தொறந்து தொறந்து பாத்தாதான் கெடும்!” என்று அமிர்தம் கத்தினாள். ஊறுகாய் கெடவில்லை. சிதம்பரத்தில் அமிர்தத்தின் சம்பந்தி வீட்டுக்காரர்கள், இன்னும் வேண்டும் என்று ஆளே அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து உப்பு செல்லாயிதான். கைக்குழந்தையைக் கண்டால் ஒதுங்குவது மட்டும் போகவில்லை. கேட்டால், “ஊறுகா கெட்டா கொட்டிடலாம் டீச்சர்” என்பாள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

போன மாதம், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அமிர்தத்தின் மகள் சுகிர்தாவுக்குத் தாய்வீட்டில் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சேனை வைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். டீச்சராயிற்றே, என்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

சுகிர்தா கிண்ணத்தைச் செல்லாயியிடம் நீட்டினாள். “சித்தி, நீங்க வையிங்க. ஒங்க கொணம் வரட்டும்.”

செல்லாயி பின்வாங்கியதில் கதவு நிலை முதுகில் இடித்தது. “வாணாங் கண்ணு. டீச்சரு வெக்கட்டும்.” என்னைப் பார்த்தாள். பார்வை கெஞ்சியது.

“நீதான் வெக்கணும் செல்லாயி” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு விரலைத் தோய்த்து, குனிந்து, அந்தச் சின்ன நாக்கில் வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. விரலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது.

“வெரல எடுத்துக்குங்க சித்தி, முதுகு வலிக்கும்” என்றாள் சுகிர்தா.

செல்லாயி எடுக்கவில்லை. குனிந்தபடியே, மற்றொரு கையைக் குழந்தையின் தலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.