மூன்றாவது பூட்டு

ஜெர்மானோவைக் காரிலிருந்து இறக்குவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் அவனே வலது காலை வெளியே வைப்பான். பிறகு அவன் மனைவி இடலினா போர்பா குனிந்து, அவனுடைய இடது காலை இரு கைகளாலும் தூக்கி, வலது காலின் பக்கத்தில் வைப்பாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் காலும் இடது கையும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. பால்பண்ணைகளில் காலமெல்லாம் உழைத்துக் காய்த்துப்போன கை, இப்போது மடியில் சும்மா கிடந்தது.

வாரத்தில் ஐந்து நாள் இடலினா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றபடியே ஈரப் போர்வைகளை இயந்திரத்துக்குள் தள்ளுவாள். ஞாயிறு முழுக்கச் சமையலும் வீட்டுவேலையும். சனிக்கிழமை மட்டும் அவனுடையது. நகராட்சிப் பூங்காவில் பெரிய நீச்சல் குளத்தை அடுத்து வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய சின்னக் குளம் ஒன்று இருந்தது. அதில் இறங்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவனுடைய இடது கை விரல்கள் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தன. பயிற்சியை விட்டால் வந்ததும் போய்விடும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்திருந்தார்.

பூங்காவைக் கட்டியபோது நகராட்சி அதற்குக் கார் நிறுத்த இடம் ஒதுக்கவில்லை. பக்கத்தில் உயர்நிலைப் பள்ளியின் பெரிய மைதானம் இருக்க, தனியாக ஒன்று எதற்கு? நகராட்சியும் பள்ளி வாரியமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பள்ளி நாட்களில் பிள்ளைகள் நகராட்சிக் குளத்தில் நீந்தலாம். சனி, ஞாயிறுகளில் ஊர்மக்கள் பள்ளி மைதானத்தில் காரை நிறுத்திவிட்டு, வேலியிலுள்ள கம்பிக்கதவு வழியாகக் குளத்துக்குப் போகலாம். அந்தக் கதவைத் தாண்டினால் சமதரைப் பாதை. தெருப்பக்கம் செங்குத்தான படிக்கட்டுதான்.

கதவுக்கு ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒரு முனையில் நகராட்சிப் பூட்டு, மறுமுனையில் பள்ளிப் பூட்டு, இரண்டும் கைகோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. எதைத் திறந்தாலும் சங்கிலி விழும். குளிர்கால விடுமுறையில் மைதானத்தில் ஏதோ திருட்டு நடக்க, பள்ளி புதுப் பூட்டு ஒன்றைப் போட்டது. போட்டவர் அவசரத்தில் நகராட்சிப் பூட்டோடு கோக்காமல், சங்கிலியின் இரு முனைகளையும் நேரே சேர்த்துப் பூட்டிவிட்டார். நகராட்சிப் பூட்டு ஓரமாகத் தொங்கியது. அதைத் திறந்தாலும் இனி சங்கிலி விழாது, சனிக்கிழமைகளில் கதவு மூடியே கிடந்தது. பள்ளி நாட்களில் பள்ளியின் சாவி வழக்கம்போல வேலை செய்ததால் பள்ளிக்கு ஒன்றும் தெரியவில்லை. இடலினா புகார் கொடுத்ததும் நகராட்சி ஆள் வந்தான். தன் பூட்டைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, பூட்டில் கோளாறில்லை என்று எழுதிவிட்டுப் போனான். கதவு திறக்கிறதா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் அலைச்சல். கதவு பள்ளி நிலத்தில் இருக்கிறது என்றது நகராட்சி. சனிக்கிழமை திறப்பது நகராட்சியின் வேலை என்றது பள்ளி வாரியம். சலவைக்கூடத்து வேலை முடிந்து, வீங்கின காலோடு இரண்டு சபைகளிலும் வரிசையில் நின்று பேசினாள். இரண்டிலும் நன்றி சொன்னார்கள். ஒப்பந்தத்தில் 'பயன்படுத்தும் தரப்பே கதவைத் திறக்க வேண்டும்' என்று ஒரு வரி. பயன்படுத்துவது நகராட்சி என்றார் வாரியத்தின் வக்கீல். பயன்படுத்துவது பொதுமக்கள் என்றார் நகராட்சியின் வக்கீல். பொதுமக்கள் கையில் சாவி இல்லையே என்ற பேச்சே எழவில்லை. இரண்டு வக்கீல்களுக்கும் சம்பளம் அந்தப் பொதுமக்களின் வரியில்தான் போகிறது. இரண்டு சபைகளையும் தேர்ந்தெடுத்தது அதே ஓட்டுதான். ஆனாலும் அவை எல்லைத் தகராறு பிடித்த இரண்டு நாடுகளைப் போல நடந்துகொண்டன. கடைசியில் கூட்டுக்குழு ஒன்று அமைத்தார்கள். ஊனமுற்றோர் உரிமைக்கான அலுவலகத்துக்கும் எழுதினாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

பள்ளிக் காவலாளி டுவைட்டிடமும் கேட்டுப் பார்த்தாள். எழுத்தில் உத்தரவு வராமல் சங்கிலியைத் தொட்டால் வேலை போய்விடும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனிடம் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மாதா கோவிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பூட்டுக்குச் சாவி வேணும், மெழுகுவத்தி எதுக்கு?" என்றாள் இடலினா.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரியின் உதவியோடு தெருப்பக்கப் படியில் ஜெர்மானோவை இறக்கப் பார்த்தாள். பாதியில் மூவரும் சரிந்தார்கள். அவனுக்கு முழங்கால் கிழிந்தது. அதற்குப் பிறகு அவன் வெளியே வரவே மறுத்தான். மடங்கிய விரல்கள் மறுபடி விறைக்க ஆரம்பித்தன.

"விட்டுடு லீனா. மாடுன்னா இந்நேரம் கசாப்புக்கு அனுப்பியிருப்போம்."

"உன்னை எவன் வாங்குவான் கிழவா? வாய் மட்டும்தான் தேறும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, முட்டைக்கோஸ் சூப்பை ஆற்றி அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கடைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தினாள். கம்பிக்கதவு அகலத் திறந்து கிடந்தது. பள்ளிகளுக்கு இடையே நீச்சல் போட்டி. குன்றுப்பக்கத்துப் பணக்கார வீடுகளின் பெரிய கார்கள் மைதானத்தை நிறைத்திருக்க, மடக்கு நாற்காலிகளையும் குளிர்பானப் பெட்டிகளையும் உருட்டிக்கொண்டு பெற்றோர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். விடியும்போதே டுவைட்டை வரவழைத்துத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு எந்த வக்கீலும் தேவைப்படவில்லை, குழுவும் தேவைப்படவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, கம்பத்தில் தொங்கிய சங்கிலியில் நகராட்சிப் பூட்டின் வளையத்துக்குள் தன் பூட்டைக் கோத்து அழுத்தினாள். 'டக்' என்றது. திரும்பினால் டுவைட் நின்றிருந்தான், கையில் பள்ளிப் பூட்டோடு.

அவன் குனிந்து புதுப் பூட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"இது யாரோடது, மிசஸ் போர்பா?"

"உங்க பள்ளிக்கூடத்துது இல்லையா?"

"இல்லையே."

"அப்போ நகராட்சியோடதா இருக்கும்."

டுவைட் மோவாயைச் சொறிந்தான். "அவங்க பூட்டுல நான் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இருக்கு" என்றான். பிறகு தன் பூட்டைச் சங்கிலியின் மறுமுனையிலும் பித்தளைப் பூட்டின் வளையத்திலும் சேர்த்து நுழைத்து, நிதானமாகப் பூட்டினான். மூன்று பூட்டும் ஒரே சரமாக நின்றன, எதைத் திறந்தாலும் சங்கிலி விழும்.

அடுத்த சனிக்கிழமை ஜெர்மானோ தண்ணீருக்குள் நின்றான். முதல் நாள் ஒரு விரல்கூட அசையவில்லை. எரிந்து விழுந்தான். கோடை நடுவில் சுண்டுவிரல் மடங்கியது, பிறகு அதற்கடுத்த விரல். மற்றவை வரவில்லை. அந்த இடைவெளியில் போனது போனதுதான் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

நகராட்சி மேற்பார்வையாளர் ஒருநாள் வந்தார். மூன்றாவது பூட்டு உங்களுடையதா என்று டுவைட்டைக் கேட்டார். உங்களுடையது என்றல்லவா நினைத்தேன் என்றான் அவன். விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. தன்னுடையது அல்லாத ஒரு பொறுப்பைத் தேடிப்போய்க் கேட்கிற வழக்கம் இரண்டு அலுவலகங்களுக்குமே இல்லை.

கதவு திறந்திருப்பது மெல்ல ஊருக்குத் தெரிந்தது. தள்ளுவண்டிக் குழந்தைகளும் கோல் ஊன்றிய கிழவர்களும் வந்தார்கள். இடலினா காலையில் திறந்தாள், மத்தியானம் மூடினாள். உடம்புக்கு முடியாத நாளிலும் திறக்க மட்டும் வந்து போனாள்.

ஒரு சனிக்கிழமை, ஜெர்மானோவின் காலைத் தூக்கி வைத்து, அவனை நிமிர்த்தி நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு கதவுக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கறோம். வரிப்பணத்துல சம்பளம் வாங்கறீங்க, நேரத்துக்கு வந்து திறக்க முடியாதா?"

ஜெர்மானோ வாயைத் திறக்கப் போனான். இடலினா அவன் முழங்கையை அழுத்தினாள்.

"மன்னிச்சுக்கம்மா. அடுத்த வாரம் சீக்கிரம் வரேன்" என்று சொல்லிவிட்டு, பையில் சாவியைத் தேடினாள்.