அண்ணன் பாடம் செய்த ஐந்தெழுத்துச் சொற்கள்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்காக எங்கள் கழனி எடுக்கப்பட்டபோது, நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் என் அண்ணன். நான் திருவள்ளூரில் தமிழாசிரியனாக அமர்ந்துவிட்டேன். அவருக்கு உழவைத் தவிர வேறு தொழில் தெரியாது. எழுபதுகளின் பிற்பகுதி அது. இழப்பீடு வந்த சுவடின்றிக் கரைந்து, கடைசி நெல்மூட்டையும் அவிழ்க்கப்பட்டிருந்த வேளையில், ஒரு தொழிற்சாலையிலிருந்து தேர்வுக்கு வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. பொருள்கிடங்கில் உதவியாள் வேலை; நிரந்தரமானது. அது தவறினால் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு மண் சுமப்பதுதான் மிச்சம்.

தேர்வு எத்தகையது என்பதை, அதில் முன்பே தேறிய ஒருவர் புதுவாயல் தேநீர்க்கடையில் விளக்கினார். கரும்பலகையில் ஓர் ஆங்கில எழுத்தை எழுதுவார்களாம். அவ்வெழுத்தில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்களைக் குறித்த நேரத்துக்குள் இயன்றவரை எழுத வேண்டுமாம். நான்கெழுத்தும் ஆகாது, ஆறெழுத்தும் ஆகாது. பெட்டிகளின் மேலுள்ள பெயர்களைப் படிக்கக்கூடியவரா என்று அறிய அங்கிருந்த அதிகாரி கண்ட வழி அது.

அண்ணன் எட்டாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துகள் நினைவிருந்தன, சொற்கள் மறந்துபோயிருந்தன. பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் ஊருக்குச் செல்லும் விடுமுறை நாள்களில் அகராதியை எடுத்துச் சென்றேன். ஒரு பக்கத்தைப் பார்த்ததுமே அவருக்குக் கொட்டாவி வந்தது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது நைனா" என்று மூடிவைத்துவிட்டார்.

வழி சொன்னவர் அண்ணி. மார்கழி பஜனையில் அண்ணன் பின்பாட்டுக்காரர். முன்னே செல்பவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, அதற்குரிய மறு அடியை அவர் ஏந்திப் பாடுவார். ஒரு பாட்டும் தவறியதில்லை. "கண்ணால படிச்சா அவருக்கு நிக்காது தம்பி. காதால கேட்டா ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாரு" என்றார் அண்ணி.

அன்று முதல் அகராதி பஜனையாயிற்று. நான் 'ஸ்டோன்' என்று இழுத்தால், அவர் 'எஸ் டி ஓ என் ஈ' என்று அதே மெட்டில் இறக்குவார். 'ஸ்கேல்' என்றால் 'எஸ் சி ஏ எல் ஈ'. ஓரெழுத்து முடிந்தால் அடுத்த எழுத்து. நான் இல்லாத நாள்களில் அண்ணி எடுத்துக் கொடுப்பதற்காகச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்தேன். வடவெழுத்துகளை ஒதுக்கியே பழகிய என் கை, ஸகரமும் ஷகரமும் இன்றி ஒரு வரியும் நகர முடியாமல் திணறியது. அண்ணிக்கோ ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் தெரியாது. விடை சரியா என்று எப்படி அறிகிறீர்கள் எனக் கேட்டேன்.

"நிறுத்தாம சொன்னா சரி. தலைய சொறிஞ்சா தப்பு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே நின்று, வெள்ளைக்காரன் போன பிறகுமா அவனுக்கு பஜனை என்று கேலி செய்தார். அண்ணன் சிரித்தாரே தவிர நிறுத்தவில்லை. தேர்வு நெருங்கியபோது, எந்த எழுத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அவர் தலையைச் சொறியவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்றே மூவரும் நம்பியிருந்தோம்.

தேர்வன்று அண்ணியும் நானும் முள்கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். திறந்த சன்னல் வழியே கரும்பலகை தெரிந்தது. அதில் எழுதப்பட்ட எழுத்து 'எஸ்' என்று நான் சொன்னதும் அண்ணி கைகூப்பினார். எல்லாவற்றிலும் அதிகமாகப் பாடிய எழுத்து அதுதான்.

மற்றவர்கள் குனிந்து எழுதத் தொடங்கினர். அண்ணன் மட்டும் எழுதுகோலைப் பிடித்தவாறு நிமிர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து அமர்ந்திருந்தார். பஜனையில் அடுத்த அடிக்காகச் செவி கொடுக்கும்போது அவர் அப்படித்தான் நிற்பார். அவர் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். அண்ணிக்கு விளங்கிவிட்டது.

"எடுத்துக் குடுக்க ஆளில்லையே தம்பி" என்றார்.

கம்பியைப் பற்றிக்கொண்டு, "ஸ்டோன்" என்று ஒரு முறை குரல் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்தின் எந்திர இரைச்சலில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. காவலாளி வந்து எங்களைச் சாலைக்கு அனுப்பிவிட்டார்.

தேர்வு முடிந்தபோது அண்ணனின் தாளில் அவருடைய பெயர் மட்டுமே இருந்தது. நான் அதிகாரியைப் பார்த்து, சொல்லைச் சொன்னால் இவர் எழுத்துப் பிழையின்றி எழுதுவார், ஒரு முறை சோதித்துப் பாருங்கள் என்று வேண்டினேன். அவர் கடிந்து பேசவில்லை. கிடங்கில் இவருக்குப் பின்னால் நின்று சொல்லித் தர யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு வாய்ப்புத்தான் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் அண்ணன், "ஒண்ணு சொல்லு நைனா" என்றார். "ஸ்டீல்" என்றேன். "எஸ் டி ஈ ஈ எல்" என்றார் உடனே. "இன்னொண்ணு." சொன்னேன். அதற்கும் விடை வந்தது. மெட்டு மட்டும் இல்லை. அண்ணி எங்களுக்கு முன்னே வேகமாக நடந்துகொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே அண்ணன் ஒப்பந்தக்காரரின் ஆட்களோடு பின்வாயில் வழியாக அதே வளாகத்துக்குள் போனார். ஒரு பக்கம் மேடாக இருந்த எங்கள் கழனியை வெட்டி, மறுபக்கப் பள்ளத்தில் கொட்டி நிரவும் வேலை. எங்கே வெட்டினால் ஈரமண் வரும் என்று அவருக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. அந்த வேலை முடிந்ததும் வேறொருவர் நிலத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் இன்னொருவர் நிலத்துக்கு. முதுகு வளைந்து வேலைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்படும்வரை, ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே அவர் வேலைக்காரராக இருந்தார்.