தூரத்திலிருந்து தெரியும் நிறம்

மியான்மரின் யாங்கூன் நகரில் பசுந்தாங் சந்தை. தார்ப்பாய் விற்கும் கடையின் வாசலில் ஆரஞ்சு நிறக் கூடாரம் ஒன்று தூசி படிந்து தொங்குகிறது. எங்களிடமும் இதே போல் ஒன்று இருந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள வேனை வாங்கும் வரை, கோடை விடுமுறை தோறும் கொடைக்கானலில் அதை அடித்துத்தான் நால்வரும் தங்குவோம். காட்டில் சுற்றிவிட்டு வரும்போது பிள்ளைகளுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று அப்பா தேடி வாங்கிய நிறம். கண்ணில் பட்டதும் தங்கையும் நானும் போட்டி போட்டு ஓடுவோம்.

"இது என்ன விலை, பாய்?"

"அது விக்காது தம்பி. ரெண்டு மழைக்காலமா தொங்குது," என்கிறார் தமிழரான கடைக்காரர்.

"ஏன்?"

"ஊரு எரிஞ்சு காட்டுல கெடக்குற சனம்தான் இப்ப வாங்குது. இந்தக் கலரு பட்டாளத்து விமானத்துலேர்ந்து பாத்தா தெரியும். தெரிஞ்சா குண்டு போடுவான்."

பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, கரும்பச்சைத் தார்ப்பாயை விரித்துப் பார்க்கிறாள். அதன் ஓரத்தைச் சுட்டிக்காட்டி பர்மிய மொழியில் ஏதோ சொல்கிறாள். கடைக்காரர் தலையாட்டிவிட்டுக் குந்தி உட்கார்கிறார். கயிறு கோக்கும் இரும்பு வளையங்கள் வெயிலில் மின்னுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடிக்கிறார்.