நாற்பத்து மூன்றாம் குழாய்

ஊசியக்கா என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்பேர்ப்பட்ட நரம்பும் அவளிடமிருந்து ஒளிய முடியாது, ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம். "பயப்படாதீங்க, வலிச்சா நான் பொறுத்துக்கறேன்" என்று சொல்லி, நடுங்குகிறவரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவளுடைய இனத்தாரின் மொழியைப் பேச மொத்தம் மூவாயிரம் பேர் தேறினால் அதிகம். அக்கம்பக்கத்தாருக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. இவர்கள் எங்கிருந்துதான் வந்தார்கள் என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக்கூடம் முன்வந்தபோது, தன்னையும் சேர்த்து அறுபது பேருக்கு ரத்தம் எடுத்தவள் அவள்தான். குழாயில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது அவள் நோட்டில் மட்டும்.

முடிவு வந்தது. ஐம்பத்தொன்பது பேருக்கு ஒரே பூர்வீகம், எங்கோ தொலைதூர மலைப்பக்கம். நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு மட்டும் அவர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்று மத்தியானமே அவர்கள் இனச் சங்கத்தின் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. சங்கத் தலைவர் அவளுடைய மாமனார். முப்பது வருடமாக "நம்ம ரத்தம், நம்ம ரத்தம்" என்று மேடை அதிரப் பேசியவர். வேற்று ரத்தத்துக்குச் சங்கப் பதிவேட்டில் இடமில்லை, பிள்ளைகளுக்குத் தகப்பன் வழிதான் கணக்கு என்று விதி போட்டதும் அவரேதான்.

"யாரும்மா அந்த நாப்பத்தி மூணு?"

"சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், மாமா."

"அப்போ அறுபது பேரும் மறுபடி ரத்தம் கொடுக்கட்டும், பேரோட. நாளைக்கே கூட்டம் போடறேன். முதல் ஆளா நானே கையை நீட்டறேன்."

 அவள் நோட்டை ஏற்கெனவே மூன்று தடவை புரட்டிப் பார்த்தாயிற்று. நாற்பத்து மூன்று அவர்தான். எங்கிருந்தோ எடுத்து வளர்த்தவள் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறாள், மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பெயர் போனால் மகன் பெயரும் போகும், பேரப்பிள்ளைகள் பெயரும் போகும். எல்லாம் அவர் போட்ட விதி.

கோபம் கோபமாக வந்தது. முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் வாய் துடித்தது. ஆனால் அவள் டியூட்டிக்குப் போன நாளெல்லாம் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் இவர். கோணல் வகிடுதான் எடுப்பார், ஆனாலும் ஒருநாள் தவறியதில்லை.

"நான்தான் மாமா" என்றாள்.

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து அவள் பெயரைத் தேடி, அதன்மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். அப்படியும் கோடு இரண்டு இடத்தில் பிசகியது.

"மனசைத் தளர விடாதம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. "யாருக்குப் பொறந்தோம்ங்கறது யாருக்குத் தெரியும் சொல்லு? உன்மேல தப்பே இல்ல. ஆனா விதின்னா விதிதான். இனிமே சங்கத்துப் பக்கம் வராத."

"சரி மாமா."