கலயத்துச் சுண்ணாம்பைக் கக்கத்தில் பூசினேன்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் லேஸ் பின்னப் போகும் இடத்தில் பெண்கள் நெருங்கி உட்காருவோம். என் வியர்வை வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்தவள் விலகி உட்கார்ந்தாள். வேலையையே விட்டுவிடலாமா என்று அலுத்துப்போனேன்.

என் கணவர் பனையேறுகிறவர். அக்கானி என்று நாங்கள் சொல்லும் பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார். வியர்வையும் அப்படியே புளிக்காது என்று எண்ணி, அந்தச் சுண்ணாம்பைச் சந்தனத்தில் குழைத்துக் கக்கத்தில் பூசிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியிலேயே தோல் வெந்து, திரும்பி ஓடிவந்தேன்.

அடுத்த வீட்டிலிருக்கும் என் அண்ணன் மனைவி தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார்.

"ஏட்டி, உனக்க கக்கம் என்ன அக்கானிக் கலயமா?" என்று சிரித்தவர், புண்ணைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

இப்போது படிகாரத்தைப் பொரித்துப் பொடித்து, முதலில் முழங்கையில் பூசிப் பார்த்த பிறகே கக்கத்தில் போடுகிறேன். வாடை முழுவதும் போகவில்லை. ஆனாலும் விலகி உட்கார்ந்தவளே அந்தப் பொடியில் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போகிறாள்.